பிள்ளை சைக்ளோகிராஸ் வீரராக வேண்டும் என்கிறதா? பிரிட்டனில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளி நண்பர்களோடு போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்ளோகிராஸ் என்ற சேற்றுச் சைக்கிள் பந்தயம் ஓட்டிவிட்டு, காதுமடல் வரை சேறோடு வீடு திரும்பிய பிள்ளை, "இதைத்தான் நான் தொழிலாகச் செய்யப்போகிறேன்" என்று சொன்னால், அடுத்து என்ன செய்வதென்று நம் வீடுகளில் யாருக்கும் தெரியாது. கிரிக்கெட் என்றால் ஒரு மாமாவுக்காவது வழி தெரிந்திருக்கும். இதற்கு அப்படி மாமா யாரும் கிடையாது.

என் மகள் சில ஆண்டுகளாக இந்தப் போட்டிகளில் இருக்கிறாள். லண்டனில் இருந்துகொண்டு இதற்கான காகிதங்களையும் செலவையும் நாட்களையும் ஒரு வழிக்குக் கொண்டுவருவதற்குள் படாத பாடு பட்டோம். நீங்களும் அதைப் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் வரும் விலைகள் நான் பார்த்தறிந்த தோராயக் கணக்குகள். பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டைப் பற்றி நாலு வரி. சைக்ளோகிராஸ் செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடியும். இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் சுற்று. புல், சேறு, மணல், படிக்கட்டு, குறுக்கே பலகைத் தடுப்புகள். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கிச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மவுண்டன் பைக் பந்தயம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலம் வரை நடக்கும். காட்டுப் பாதை, பாறை, செங்குத்து ஏற்றம். இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம், செய்கிறார்கள். டாம் பிட்காக் 2022இல் சைக்ளோகிராஸ் உலகப் பட்டம் வென்றவர். டோக்கியோவிலும் பாரிசிலும் மவுண்டன் பைக்கில் ஒலிம்பிக் தங்கம் பெற்றவர். எவி ரிச்சர்ட்ஸ் 23 வயதுக்கு உட்பட்டோர் சைக்ளோகிராஸ் உலகப் பட்டத்தை இருமுறை வென்று, 2021இல் மவுண்டன் பைக் உலகச் சாம்பியன் ஆனவர். இருவரும் நீங்கள் ஞாயிறுதோறும் நிற்கப்போகும் இதே ஈரப் புல்தரைகளிலிருந்து வந்தவர்கள்தான்.

1. சைக்கிளுக்கு முன் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. லைசென்ஸ் வாங்க, பிரிட்டனில் குடியிருந்தாலே போதும். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பிள்ளையும் உள்ளூர் லீக்கில் ஓட்டலாம், வெல்லலாம். ஆனால் தேசியச் சாம்பியன் பட்டத்துக்கும் உலகச் சாம்பியன்ஷிப் அணிக்கும் குடியுரிமைதான் கணக்கு. லைசென்ஸ் எந்த நாட்டுச் சங்கம் கொடுத்தது என்பது அங்கே செல்லாது. இது உலகச் சைக்கிள் அமைப்பான யுசிஐயின் விதி.

பிரிட்டனில் பிறந்த எல்லாப் பிள்ளைகளும் பிரிட்டிஷ் குடிமக்கள் ஆகிவிடுவதில்லை. பிறந்த நாளில் தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வதிவிட உரிமை உள்ளவராகவோ இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், பெற்றோரில் ஒருவருக்குப் பின்னால் நிரந்தர வதிவிடம் கிடைத்ததும் பிள்ளையைப் பதிவு செய்யலாம். அல்லது இங்கே பிறந்து முதல் பத்து ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்திருந்தால் அந்த அடிப்படையில் பதிவு செய்யலாம். கட்டணம் ஆயிரம் பவுண்டுக்குக் குறையாது. கட்ட வசதியில்லாத குடும்பம் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. பத்து ஆண்டு வசிப்பை நிரூபிக்கப் பள்ளிக் கடிதம், மருத்துவர் பதிவு, தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் தேவைப்படும். ஜூனியர் பிரிவு 17 வயதில் தொடங்குகிறது. ஆகவே 14 வயதுக்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

இந்தியக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் ஓசிஐயும் வைத்திருக்கும் பிள்ளையைப் பற்றி, "இங்கே இடம் கிடைக்காவிட்டால் இந்தியாவுக்காக ஓட்டட்டும்" என்று தாத்தா சொல்வதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்கும். விதி அதற்கு இடம் கொடுக்காது.

2. கிளப், முதல் பந்தயம்

பிரிட்டிஷ் சைக்கிளிங் அமைப்பின் 'கோ-ரைடு' திட்டத்தில் உள்ள கிளப்புகள் 18 வயதுக்கு உட்பட்டோருக்குப் பயிற்சி தருகின்றன. கிழக்கு லண்டனில் இருப்பவர்களுக்கு ஹாக் ஹில் என்று எல்லோரும் சொல்லும் ரெட்பிரிட்ஜ் சைக்கிள் மையமும் லீ வேலி வெலோபார்க்கும் பக்கம். தெற்கில் ஹெர்ன் ஹில் இருக்கிறது. கிளப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் இணையதளத்தின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். சனிக்கிழமைப் பயிற்சிக்கு ஒரு நாள் போய் நின்று, சிறுமிகள் எத்தனை பேர் வருகிறார்கள், மழை பெய்தால் பயிற்சி நடக்கிறதா என்று பாருங்கள். மழைக்கு ரத்து செய்யும் கிளப் இந்த விளையாட்டுக்கு உதவாது.

முதல் பந்தயத்துக்குப் புதுச் சைக்கிள் வேண்டாம். உள்ளூர் லீக் போட்டிகளில் சிறுவர்கள் மவுண்டன் பைக்கில் ஓட்டப் பெரும்பாலும் அனுமதி உண்டு. ஹேண்டில்பார் முனைகளில் மூடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது இல்லையென்று தொடக்கக் கோட்டில் திருப்பி அனுப்பப்பட்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் குடுவைத் தாங்கியைக் கழற்றிவிடுங்கள், தோளில் தூக்கும்போது இடிக்கும்.

நுழைவுக் கட்டணம் சிறுவர்களுக்குப் பத்துப் பதினைந்து பவுண்டு, பெரியவர்களுக்கு இருபதைத் தாண்டும். லண்டனைச் சுற்றிலும் பல லீக்குகள் நடக்கின்றன. ஒன்றில் உறுப்பினராகி அதிலேயே தொடர்ந்து ஓட்டுவது நல்லது, ஏனெனில் அங்கு சேரும் புள்ளிகளை வைத்துத்தான் தொடக்க வரிசையில் இடம் தருகிறார்கள். சைக்ளோகிராஸில் முதல் வளைவுக்கு முன்பே பாதிப் பந்தயம் முடிந்துவிடும். கடைசி வரிசையில் நிற்பவருக்கு எவ்வளவு கால் பலம் இருந்தாலும் நாற்பது பேரைக் கடந்து வரப் பாதையில் இடம் இருக்காது.

3. லைசென்ஸ்: தேதியில் ஏமாறாதீர்கள்

பிரிட்டிஷ் சைக்கிளிங்கில் உறுப்பினராகி, அதற்கு மேல் பந்தய லைசென்ஸ் எடுக்க வேண்டும். லைசென்ஸில் 11 இலக்க யுசிஐ எண் இருக்கும். அது வாழ்நாள் முழுக்க மாறாது. கைபேசியில் சேமித்து வையுங்கள், எல்லாப் படிவங்களும் அதைக் கேட்கும்.

இரண்டு பொறிகள் இங்கே இருக்கின்றன.

முதலாவது, லைசென்ஸ் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரைதான் செல்லும். சைக்ளோகிராஸ் பருவமோ புத்தாண்டின் இரு பக்கமும் பரந்து கிடக்கிறது. தேசியச் சாம்பியன்ஷிப் ஜனவரியில் வருகிறது. பெல்ஜியத்தின் பால் (Baal) கிராமத்தில் புத்தாண்டு நாளிலேயே புகழ்பெற்ற பந்தயம் ஒன்று இருக்கிறது. டிசம்பர் தொடக்கத்திலேயே புதுப்பித்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது.

இரண்டாவது, வயதுக் கணக்கு. மவுண்டன் பைக்கில் நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வருவதே வயது. சைக்ளோகிராஸில் பருவம் முடியும் ஆண்டிலிருந்து கழிக்க வேண்டும். 2010இல் பிறந்த பிள்ளை 2026 கோடையில் மவுண்டன் பைக்கில் 16 வயதுப் பிரிவில் இருக்கும். அதே செப்டம்பரில் சைக்ளோகிராஸ் தொடங்கியதும் 17 ஆகி ஜூனியர் பிரிவுக்குப் போய்விடும். அதாவது அரை மணி நேரப் பந்தயம் ஒரே மாதத்தில் 40 நிமிடம் ஆகிறது. எதிரே நிற்பவர்கள் ஓராண்டு மூத்தவர்கள். இது தெரியாமல், கோடை முழுக்க வென்ற பிள்ளை அக்டோபரில் இருபதாவது வந்ததும் பயிற்சியாளரை மாற்றிய பெற்றோர் உண்டு. ஜூனியர் முதல் ஆண்டில் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகிறது.

4. எப்போது, எவ்வளவுக்குச் சைக்கிள் வாங்குவது

14 வயது வரை ஒரு சைக்ளோகிராஸ் சைக்கிள் போதும், அதுவும் பழையது. முந்நூறிலிருந்து அறுநூறு பவுண்டுக்குள் நல்லது கிடைக்கும். லீக்கில் வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் சைக்கிள்கள் பருவம் முடியும் பிப்ரவரி, மார்ச்சில் விற்பனைக்கு வரும். செப்டம்பரில் தேடினால் அதே சைக்கிளுக்கு நூறு பவுண்டு கூடுதலாகக் கொடுக்க நேரும். கார்பன் சட்டத்துக்கு இந்த வயதில் பணம் போடாதீர்கள். அந்தப் பணத்தை டயரில் போடுங்கள்.

டயர் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். யுசிஐ விதியில் சைக்ளோகிராஸ் டயர் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தேசிய மட்டப் போட்டிகளில் அளவுகோலோடு நின்று பார்ப்பார்கள். கடைகளில் 'கிராவல்' என்ற பெயரில் விற்கும் சைக்கிள்களில் 40 மில்லிமீட்டர் டயர்தான் வரும். உள்ளூரில் ஓட்டலாம், பெரிய போட்டிக்குப் போகும்போது மாற்ற வேண்டியிருக்கும். உலர்ந்த புல்லுக்கு ஒன்று, சேற்றுக்கு ஒன்று என இரண்டு ஜோடி வைத்துக்கொண்டால் போதும். ஒரு டயர் முப்பதிலிருந்து எழுபது பவுண்டு வரை. ஆனால் விலையை விடக் காற்றுதான் முக்கியம். சேற்றில் ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு டியூப் இல்லாத டயரில் 18, 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம் போதும். அதற்குச் சாதாரணப் பம்பின் முள்ளை நம்ப முடியாது. பதினைந்து இருபது பவுண்டுக்கு டிஜிட்டல் அளவி ஒன்று வாங்குங்கள். இந்தப் பட்டியலிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் உழைப்பது அதுதான்.

இரண்டாவது சைக்கிள் எப்போது? தேசிய அளவிலான 'நேஷனல் டிராபி' தொடரில் ஓட்டத் தொடங்கும்போது. அதற்கு முன் வாங்கினால் கராஜில் நிற்கும். வாங்கும்போது முதலாவதைப் போலவே அதே அளவு, அதே கியர், அதே பெடல், இருக்கையும் அதே உயரம். ஒன்றில் பிரேக் இடம் வலம் மாறியிருந்தால்கூட, சேற்று இறக்கத்தில் பழக்கமில்லாத விரல் தவறான பிரேக்கைப் பிடித்துவிடும். ஜூனியர் வயதில் இரண்டும் சேர்த்துப் பழையதாகவே இரண்டாயிரம், மூவாயிரம் பவுண்டு ஆகும்.

5. பிட்டில் நிற்பது நீங்கள்தான்

இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சைக்ளோகிராஸில் ஓட்டுபவர் ஒருவர், உழைப்பவர்கள் மூவர். தடத்தின் நடுவே சைக்கிள் மாற்றும் பகுதி இருக்கும். அதைத்தான் பிட் என்கிறார்கள். பெரும்பாலும் இரட்டைப் பிட். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் பிள்ளை இருமுறை உங்களைக் கடந்து போகும். கனமான சேற்றில் அரைச் சுற்றுக்கு ஒருமுறை சைக்கிளை மாற்றுவார்கள். அழுக்குச் சைக்கிளைப் போட்டுவிட்டு, கழுவிய சைக்கிளில் ஏறிப் போக வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது மூன்று, நான்கு நிமிடம்.

அந்த நேரத்தில் செய்வது இது. சைக்கிளைப் பிடித்ததும் முதலில் முன்சக்கரக் கவையின் உச்சியில் அடைத்திருக்கும் புல்லையும் மண்ணையும் கையால் இழுத்தெடுங்கள். இரண்டு கிலோ வரை வரும். பிறகு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சட்டம் குறுகும் இடம். அதன்பின்தான் தண்ணீர்: பெடல், சங்கிலி, பின்பக்கம் கியர் மாற்றும் டெரைலரின் இரு சிறு சக்கரங்கள், பிரேக், கடைசியில் இருக்கை. சக்கர அச்சுக்குள் நேராகப் பீய்ச்சாதீர்கள், பேரிங் போய்விடும். துணியால் ஹேண்டில்பாரைத் துடையுங்கள். பெடலைக் கையால் சுற்றி, பிட்டை விட்டு வெளியேறும் இடம் ஏற்றமா சமதரையா என்று பார்த்து அதற்கேற்ற கியரில் நிறுத்துங்கள். வலது பெடலை மேலே தூக்கி வைத்து, ஓடி வரும் பிள்ளை எட்டிப் பிடிக்க வசதியாக ஹேண்டில்பாரை விட்டு, இருக்கையைப் பிடித்து நில்லுங்கள். பழைய சைக்கிளைப் பிடிக்க இன்னொருவர் உங்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். தாய் ஒருபக்கம், தந்தை ஒருபக்கம் என்று பல குடும்பங்கள் இதைச் செய்கின்றன. பந்தயம் முடியும்வரை இருவரும் பேசிக்கொள்ளும் தொனியைப் பிள்ளை கேட்காமல் இருப்பது நல்லது.

விதி ஒன்று உண்டு: பிட் பாதைக்குள் நுழைந்தால் சைக்கிளையோ சக்கரத்தையோ மாற்றியாக வேண்டும். குறுக்கு வழியாகப் பயன்படுத்தி வெளியேறினால் தண்டனை. பெரிய போட்டிகளில் பிட்டுக்குள் போக அனுமதிப் பட்டை தேவை. எண் வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கழுவும் இயந்திரத்தை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். கையில் தூக்கிப் போகக்கூடியது 150 முதல் 250 பவுண்டு. கூடவே 25 லிட்டர் கேன்கள். மைதானத்தில் குழாய் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பிறகு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தண்ணீர் புகாத கையுறை, பிள்ளைக்கு இன்னொரு செட் உடை, ஒரு பிளாஸ்டிக் தொட்டி. சேற்று உடையை அந்தத் தொட்டியில் போட்டு வீட்டுத் தோட்டத்தில் முதலில் அலசாமல் வாஷிங் மெஷினில் போட்டால், பிளம்பருக்கு எண்பது பவுண்டு தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

6. கோடையில் மவுண்டன் பைக்

இங்கே பிட் தலைவலி இல்லை. தொடங்கிய சைக்கிளிலேயே முடிக்க வேண்டும் என்பது விதி. குறிப்பிட்ட உதவிப் பகுதியில் மட்டும் சக்கரம் முதலிய பாகங்களை மாற்றலாம், தண்ணீர் கொடுக்கலாம்; சட்டத்தை மாற்ற முடியாது. ஆகவே சங்கிலி அறுந்தால், டயர் கிழிந்தால் பிள்ளைக்கே சரிசெய்யத் தெரிந்திருக்க வேண்டும். குளிர்கால மாலைகளில் சமையலறைத் தரையில் உட்காரவைத்து டயர் ஓட்டையில் ரப்பர் திரி செருகப் பழக்குங்கள்.

தேசியத் தொடர் நாடு முழுக்கச் சுற்றும். பிளிமத் அருகே நியூனம் பார்க், ஸ்டாஃபர்ட்ஷயரில் கேனக் சேஸ், யார்க்ஷயரில் டால்பி காடு என்று தூரம் அதிகம். தடத்தை முந்தைய நாளே ஓட்டிப் பார்க்காமல் பாறை இறக்கத்தில் இறங்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் ஓர் இரவுத் தங்கல் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டன்காரர்களுக்கு ஒரு வசதி: 2012 ஒலிம்பிக்குக்காக எசெக்ஸில் ஹாட்லி பார்க்கில் அமைத்த தடம் இன்றும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. சவுத்எண்டுக்கு மீன் சாப்பிடப் போகும் வழியில் பிள்ளையை அங்கே இறக்கிவிடலாம்.

ஒலிம்பிக் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் உயர்மட்ட வீரர்களுக்கான லாட்டரிப் பணம் பெரும்பாலும் ஒலிம்பிக், பாராலிம்பிக் விளையாட்டுகளுக்குத்தான் போகிறது. மவுண்டன் பைக் ஒலிம்பிக்கில் இருக்கிறது. சைக்ளோகிராஸ் இல்லை. குளிர்காலத்தில் பிள்ளை எவ்வளவு வென்றாலும் அதற்கென்று அரசுப் பணம் வராது. தேசிய அகாடமியில் இடம் வேண்டுமென்றால் கோடை முடிவுகளும் காட்ட வேண்டும்.

7. பள்ளிக்கூடம்

மாதிரித் தேர்வுகளும் தேசியச் சாம்பியன்ஷிப்பும் ஜனவரியில் மோதும். உண்மைத் தேர்வுகளும் மவுண்டன் பைக் தொடரும் மே, ஜூனில் மோதும். இதற்குத் தப்ப வழியில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே இரண்டு நாள்காட்டிகளையும் பக்கத்தில் வைத்து, எந்தப் போட்டியை விடுவது என்று பிள்ளையோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வீட்டில் பாட்டி, "முதலில் ஏ-லெவல்" என்பார். பெரும்பாலும் பாட்டி சொல்வது சரிதான், ஆனால் எல்லா வாரமும் அல்ல.

பள்ளி நாளில் விடுப்பு வேண்டுமென்றால் முன்கூட்டியே தலைமையாசிரியருக்கு எழுதுங்கள். பள்ளி முன் அனுமதி கொடுத்த விளையாட்டுக்கு வருகைப் பதிவேட்டில் தனிக் குறி இருக்கிறது. அது விடுப்பாகக் கணக்காகாது. கேட்காமல் கூட்டிப்போனால் இங்கிலாந்தில் ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு 80 பவுண்டு அபராதம் வரலாம்; 21 நாளில் கட்டாவிட்டால் 160. கடிதத்தோடு போட்டி அழைப்பையும் கிளப் பயிற்சியாளரின் ஒரு பக்கக் குறிப்பையும் இணையுங்கள்.

8. மருந்துப் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள்

ஊக்கமருந்து என்றால் ஊசி என்று நினைக்கிறோம். நம் வீடுகளில் ஆபத்து இருப்பது ஊரிலிருந்து வரும் மருந்துப் பையில். இந்தியாவில் சளிக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் பல இருமல் மருந்துகளில் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது போட்டி நாளில் மட்டுமல்ல, எந்நாளும் தடை செய்யப்பட்டது. சித்த மருந்துகள் சிலவற்றில் எட்டிக்கொட்டை சேர்க்கிறார்கள். அதிலுள்ள ஸ்டிரைக்னின் போட்டியின்போது தடை செய்யப்பட்ட பொருள். பாட்டி வைத்தியம் என்று சொன்னால் விசாரணைக் குழு கேட்காது. உடலில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பது விதி. 16 வயதானாலும் அப்படித்தான்.

'குளோபல் டிஆர்ஓ' என்ற தளத்தில் பிரிட்டனில் விற்கும் மருந்தின் பெயரைப் போட்டால் தடை உண்டா இல்லையா என்று சொல்லும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் வாங்கிய மருந்துகள் அதில் இல்லை. ஆகவே எளிய வழி: பிள்ளைக்குச் சளி வந்தால் இங்குள்ள மருத்துவர், இங்குள்ள மருந்துக்கடை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இந்த விளையாட்டில் நிறையப் பேர். நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலர் அளவோடு அனுமதிக்கப்பட்டது: 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால், தடை செய்த மருந்தை எடுக்க அனுமதிக்கும் மருத்துவ விலக்குப் பற்றி அன்றே கேளுங்கள். மருத்துவரின் குறிப்பை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். புரதப் பொடி போன்றவற்றில் 'இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்' முத்திரை இல்லாத எதுவும் வீட்டுக்குள் வர வேண்டாம்.

9. பெல்ஜியம்

இந்த விளையாட்டைத் தொழிலாக்க நினைப்பவர் பெல்ஜியத்துக்குப் போகாமல் முடியாது. கிறிஸ்துமஸுக்கும் ஜனவரி முதல் வாரத்துக்கும் இடையில் அங்கே ஏறக்குறைய நாளுக்கொரு போட்டி. லொன்ஹவுட், டீகம், பால் என்று ஒன்றுக்கொன்று ஒன்றிரண்டு மணி நேரக் கார் தூரத்தில் நடக்கும். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். போக்ஸ்டனிலிருந்து கடலடி ரயிலில் காரோடு ஏறினால் மதியத்துக்குள் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி. அந்த வாரங்களில் டிக்கெட் விலை ஏறிவிடும், செப்டம்பரிலேயே எடுங்கள்.

காகிதங்கள்: பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் வழங்கிப் பத்து ஆண்டு ஆகியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். இலங்கை அல்லது இந்தியப் பாஸ்போர்ட் என்றால், பிரிட்டனில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும் ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கிறிஸ்துமஸுக்கு நவம்பரில் நேரம் தேடினால் கிடைக்காது; ஆகஸ்டு, செப்டம்பரில் பதிவு செய்யுங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, தங்குமிட உறுதி, போட்டி ஏற்பாட்டாளரின் கடிதம் எல்லாம் இணைக்க வேண்டும். தாயோ தந்தையோ தனியாகக் கூட்டிப்போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள்.

காப்பீட்டில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். எங்களுக்கு விற்ற நிறுவனம் 'சைக்கிள் ஓட்டம் உண்டு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது; 'பந்தயம் நீங்கலாக' என்பது பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது. கழுத்தெலும்பு முறிந்த பிறகு அந்தப் பக்கத்தைப் படிப்பதில் பயனில்லை. ஐரோப்பாவில் அரசு மருத்துவம் பெற உதவும் ஜிஹெச்ஐசி அட்டையையும் எடுங்கள், அது இலவசம். பணம் கேட்கும் தளங்கள் போலி.

பெல்ஜியத்தின் தேசிய மட்டப் போட்டிகளில் வெளிநாட்டவர் ஓட்டத் தம் நாட்டுச் சங்கத்தின் அனுமதிக் கடிதம் தேவை. உலகக் கோப்பைக்கு ஜூனியர்கள் தாமாகப் பெயர் கொடுக்க முடியாது, தேசியச் சங்கம்தான் தேர்ந்து அனுப்பும். யுசிஐ புள்ளி இல்லாத பிள்ளை கடைசி வரிசையில் நிற்கும். முதல் பயணத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். 80 சதவீத விதியையும் சொல்லி வையுங்கள். முன்னணி வீரர் முதல் சுற்றை ஏழு நிமிடத்தில் முடித்தால், அவருக்கு 5 நிமிடம் 36 விநாடிக்கு மேல் பின்தங்கியவரைத் தடத்திலிருந்து இறக்கிவிடுவார்கள். மணற்குழிகளில் பழகாத பிள்ளைகளுக்கு இது நடக்கும்; கேவலமில்லை.

சாப்பாடு: இறைச்சியோ பாலோ சேர்ந்த உணவைப் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. கோழிக் குழம்பும் தயிர்ச்சாதமும் எல்லையில் குப்பைத் தொட்டிக்குப் போகும். புளிச்சோறு கட்டுங்கள்.

10. பணமும் ஒப்பந்தமும்

18, 19 வயதில் யாராவது ஓர் அணி பேச வரும். அதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது, இந்த விளையாட்டில் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. சைக்ளோகிராஸில் பெயர் பெற்றவர்களுக்கு ஏற்பாட்டாளர்கள் கலந்துகொள்வதற்கென்றே தொகை கொடுப்பார்கள். மற்றவர்களுக்குப் பரிசுத் தொகைதான், அது பெட்ரோலுக்குச் சரியாக இருந்தால் அதிர்ஷ்டம். உலகக் கோப்பையில் ஆண், பெண் பரிசு சமம் என்பது மகள்களைப் பெற்றவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் பெரிய சம்பளம் சாலைப் பந்தய அணிகளில்தான் இருக்கிறது. நெதர்லாந்து வீரர் மத்தியூ வான் டெர் பூலும் பிட்காக்கும் சாலை அணியின் சம்பளத்தில் இருந்துகொண்டே சேற்றிலும் ஓட்டியவர்கள். ஆகவே 16 வயதிலிருந்தே கோடையில் ஓரிரு சாலைப் போட்டிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேற்றில் மட்டும் ஓட்டிக் குடும்பம் நடத்துபவர்கள் உலகில் மிகச் சிலரே.

சிறிய அணிகள் தரும் முதல் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் சம்பளம் இருக்காது. சைக்கிள், உடை, சில பயணச் செலவு. அதுவும் வேண்டாம் என்று சொல்லக்கூடியது அல்ல, ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் பவுண்டு மிச்சம். ஆனால் கேளுங்கள்: காயம்பட்டு மூன்று மாதம் உட்கார்ந்தால் சைக்கிளைத் திருப்பிக் கேட்பார்களா? பிட்டுக்கு ஆள் அணி தருமா, அல்லது அங்கேயும் நீங்களா? சொந்த விளம்பரதாரரை வைத்துக்கொள்ளலாமா? பேச வந்த முகவருக்கு யுசிஐ அங்கீகாரம் இருக்கிறதா?

தங்கும் நாட்களையும் எண்ணுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் 180 நாளில் 90 நாள்தான் ஷெங்கன் நாடுகளில் இருக்கலாம். அக்டோபர் தொடங்கிப் பிப்ரவரி முடிய ஏறக்குறைய 150 நாள். ஆகவே அணி, "பெல்ஜியத்தில் வீடு தருகிறோம்" என்றால், நீண்டகால விசாவுக்கு யார் விண்ணப்பிப்பது, செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் திங்கள்கிழமைதோறும் பிள்ளை டோவருக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

ஒப்பந்தம் டச்சு மொழியில் வந்தால் ஆங்கிலப் பிரதி கேட்டு வாங்கி, இரண்டில் எது செல்லும் என்றும் கேளுங்கள். முடியும் தேதியைப் பாருங்கள். டிசம்பர் 31 என்று இருந்தால் பருவத்தின் நடுவில், தேசியச் சாம்பியன்ஷிப்புக்குச் சில நாள் முன்பு, பிள்ளை சைக்கிள் இல்லாமல் நிற்கும். பிப்ரவரி இறுதி என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருகிறார்கள்.